ஆட்டுக்கு நனையாத இடம் வேண்டும்



நமது லயன்களில் ஆடு வளர்ப்பது பொழுதுபோக்குக்காக அல்ல. பேர் குறைந்த மாதத்தில் அரிசிக்கும், பள்ளி தொடங்கும்போது பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும், திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கைகொடுப்பது அந்த ஆடுதான். சம்பளத் துண்டில் வராத, யாரும் கழிவு பிடிக்க முடியாத வருமானம் அது.

அந்த ஆட்டை மழைக்காலத்தில் இழந்துவிடுகிறோம். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதத்திலிருந்தும், பதுளை, பசறை பக்கம் வருடக் கடைசியிலும் மழை பிடித்தால் குட்டிகள் இருமும், கழியும், சாகும். விதி என்று சொல்லிப் புதைத்துவிடுகிறோம். விதி அல்ல. ஆடு குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது.

ஆகவே முதல் வேலை பரண். நிலத்திலிருந்து 2, 3 அடி உயரத்தில், அரை அங்குல இடைவெளி விட்டுப் பலகை அடித்தால் புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும். பெரிய ஆடு ஒன்றுக்கு 10 சதுர அடியாவது வேண்டும். காற்றடிக்கும் பக்கத்தை மறைத்துவிடுங்கள். கீழே விழும் புழுக்கை மரக்கறித் தோட்டத்துக்கு நல்ல பசளை.

பனி காயும் முன் ஆட்டை அவிழ்க்க வேண்டாம். ஈரப் புல்லோடு குடற்புழுவும் உள்ளே போகும். கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் புழு இரத்தம் குடிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். புழு மருந்தை ஆட்டின் நிறைக்கு ஏற்ற அளவில் மிருக வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். பாதி மருந்து கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும்.

பலா இலை, கினிப்புல், சுத்தமான தண்ணீர் கொடுங்கள். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றையும் மாவையும் அள்ளிக் கொட்டினால் வயிறு ஊதிச் செத்துப்போகும். சினை ஆட்டுக்கு 5 மாதக் கணக்கு. குட்டி விழுந்தவுடன் சீம்பால் குடிக்க வேண்டும். பிந்தினால் நோயை எதிர்க்கும் பலம் கிடைக்காது.

இன்னொன்றையும் ஓர் ஆசிரியராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புல் அறுப்பதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் மறிக்காதீர்கள். பிள்ளையின் படிப்புக்காக வளர்க்கும் ஆடு, அந்தப் படிப்பையே தின்றுவிடக்கூடாது.

இவ்வளவும் நம் கையில் உள்ளவை. நம் கையில் இல்லாதவையும் உண்டு. பரண் கட்ட ஓரடி நிலத்துக்கும் துரையின் வாயைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்த மலைக்குக் களைநாசினி அடித்தார்கள் என்று தெரியாமல் அங்கே புல் அறுத்து வருகிறோம். அந்தப் புல்லை அறுக்கும் கையும் நமது கைதான். ஆகவே சங்கம் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். லயனுக்குப் பக்கத்தில் தொழுவத்துக்கு இடம் ஒதுக்கி எழுத்தில் தர வேண்டும். மருந்து அடிக்கும் மலையை முதல் நாளே பிரட்டில் அறிவிக்க வேண்டும். அரச மிருக வைத்தியர் தோட்டத்துக்கு வந்துபோக நாள் குறிக்க வேண்டும். அரச மிருக வைத்திய சேவை நமக்கும் உரியது. அது யாரும் போடும் பிச்சை அல்ல.

தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் லயன் லயனாகப் போய், எந்த வீட்டில் எத்தனை ஆடு, எத்தனை குட்டி செத்தது என்று எழுதி வாருங்கள். வாய்ப்பேச்சைத் தட்டிக்கழிக்கலாம். கையெழுத்திட்ட பட்டியலைத் தட்டிக்கழிப்பது அவ்வளவு சுலபம் அல்ல.