ஷிஃப்ட் அட்டவணையைக் கணினி போடலாம். விதியைப் போடுவது யார்?

தொழிற்சாலை, மருத்துவமனை, பாதுகாவலர் நிறுவனம் எனப் பல இடங்களில் இப்போது ஷிஃப்ட் அட்டவணையைக் கணினியே போடுகிறது. “சிஸ்டம் இப்படித்தான் கொடுத்தது” என்று மேற்பார்வையாளர் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. முடியக்கூடாது.

20 பேர் வேலை செய்யும் ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். காலை, மாலை, இரவு, ஓய்வு என ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 4 வாய்ப்பு. ஒரு வாரத்துக்கு எத்தனை விதமாக அட்டவணை போடலாம்? விடை 85 இலக்க எண். எந்தக் கணினியாலும் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. அதனால் விதிகளைச் சமன்பாடுகளாக எழுதி, பொருந்தாதவற்றைக் கூட்டங்கூட்டமாகக் கழித்து, மிஞ்சியதில் செலவு குறைந்ததைத் தேடுகிறார்கள். அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக் 1954-லேயே சுங்கச்சாவடி ஊழியர்களின் ஷிஃப்ட்டுக்கு இவ்வழியைக் காட்டினார்.

‘செலவு குறைந்தது’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது.

1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி வார வேலை நேரம் 2023 ஜனவரி 1 முதல் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. ஷிஃப்ட் ஊழியர்களுக்கு மூன்று வாரச் சராசரியாகப் பார்ப்பார்கள். 24 மணி நேரமும் ஆள் நிற்க வேண்டிய 10 காவல் இடங்களுக்கு வாரம் 1,680 மணி நேர வேலை. முன்பு 35 பேர் போதும். இப்போது 38 பேர் வேண்டும். விடுப்பு, எம்.சி. எல்லாம் இதில் சேரவில்லை. அந்த மூவரை எடுக்காவிட்டால் மீதி 105 மணி நேரம் இருப்பவர்கள் தலையில் ஓவர்டைமாக விழும். மாதம் 104 மணி வரை ஓவர்டைமுக்கு அனுமதி உண்டு என்பதால், கணினி அதைத் தவறென்று சொல்லாது.

விதியிலும் இரண்டு வகை. மீறவே கூடாதது ஒன்று. முடிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. இரவு ஷிஃப்ட் முடித்தவரை மறுநாள் காலையே கூப்பிடலாமா, தீபாவளிக்கு யாருக்கு விடுப்பு என்பதையெல்லாம் எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவு செய்வது நிர்வாகம். சட்டம் கட்டாயமாக்கிய ஐந்து பொது விடுமுறைகளில் தீபாவளி இல்லை. மற்றவற்றை முதலாளி தேர்வு செய்யலாம். யார் வீட்டில் தீபாவளி என்பது, எழுதிக் கொடுத்தால் ஒழிய, கணினிக்குத் தெரியாது.

ஆகவே தொழிற்சங்கங்கள் அட்டவணையை மட்டும் கேட்டால் போதாது. அதில் என்னென்ன விதிகள் சேர்ந்துள்ளன என்பதையும் கேட்க வேண்டும். தனி ஊழியருக்கும் வழியுண்டு. வேலை நேரத்தையோ நாளையோ மாற்றித் தரும்படி 60பி பிரிவின் கீழ் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும்.