ஓட்டைக்கு எதுக்கு சார் விலை கூட? முதுகெலும்பு கேஜும் காப்புரிமை ஆபீசும் (நீண்ட இழை, பொறுமையா படிங்க)

1/ போன மாசம் ஒரு நாள், ஓபி முடியுற நேரம். கூடங்குளம் பக்கத்துக் கடற்கரை கிராமத்துல இருந்து ஒரு அண்ணாச்சியும் அவர் வீட்டம்மாவும் வந்தாங்க. கையில மஞ்சப்பை. உள்ள எம்ஆர்ஐ ஃபிலிம், கூடவே ஒரு தனியார் மருத்துவமனை கொடுத்த எஸ்டிமேட். (ஆள் அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ அண்ணாச்சிக்கு இடுப்புக்கிட்ட ஒரு முள்ளெலும்பு இன்னொண்ணு மேல நழுவி, நரம்பை நசுக்குது. ரெண்டு தெரு நடந்தா கால் மரத்துப்போகுது. வள்ளத்துல ஏறி ஏழு மாசம் ஆச்சு. ஆபரேஷன் தேவைதான், அதுல சந்தேகம் இல்லை. ஆனா எஸ்டிமேட்ல ரெண்டு வரி இருந்தது. ஒண்ணு சாதா கேஜ். இன்னொண்ணு "3டி போரஸ் டைட்டானியம் கேஜ்". ரெண்டுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம், அவர் ஒரு சீசன் முழுக்க கடலுக்குப் போனாலும் கையில நிக்காத காசு.

3/ "புதுசுல என்ன இருக்கு"ன்னு அவங்க அங்க கேட்டதுக்கு, "அதுல நுண்ணிய ஓட்டை இருக்கும்மா, எலும்பு உள்ள வளரும்"னு பதில் வந்திருக்கு. அந்தக்கா என்கிட்ட கேட்டாங்க: "என்ன சார், ஓட்ட போட்டதுக்கு வெல கூடவா? எங்க வீட்டு வடிதட்டுலயுந்தான் ஓட்ட இருக்கு."

சிரிச்சுட்டேன். ஆனா யோசிச்சா, சென்னை கிண்டியில இருக்கிற காப்புரிமை அலுவலகத்துல ஓர் ஆய்வாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

4/ முன்னாடியே சொல்லிடறேன். நான் எம்பிபிஎஸ். ஸ்பைன் சர்ஜனும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனா கேஜ் வாங்க நகையை அடகு வைக்கிறவங்களை தினமும் பாக்குற இடத்துல உட்கார்ந்திருக்கேன். அந்த இடத்துல இருந்து எழுதுறேன்.

5/ முதல்ல கேஜ்னா என்ன? ரெண்டு முள்ளெலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க்கை எடுத்துட்டு, அந்த இடைவெளியில வைக்கிற சின்ன பெட்டி. உள்ள எலும்புத் துணுக்கு நிரப்புவாங்க. பக்கத்துல ஸ்குரூ, ராடு போட்டு இறுக்குவாங்க. சில மாசத்துல ரெண்டு எலும்பும் ஒண்ணாச் சேர்ந்துடணும். இதுதான் ஃபியூஷன்.

6/ இதுல ஒரு நிஜமான பிரச்சினை உண்டு. டைட்டானியம் எலும்பை விட ரொம்ப விறைப்பு. விறைப்பை அளக்கும் கணக்கில் டைட்டானியத்துக்கு சுமார் 110 ஜிகாபாஸ்கல். நம் எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்கே 20க்கு உள்ளேதான். உள்பகுதி அதைவிடப் பல மடங்கு மென்மை. இப்படிப்பட்ட எலும்புக்கு நடுவே கெட்டி உலோகத்தை வைத்தால் அது எலும்புக்குள் அமிழ்ந்து போகலாம். மெத்தையில செங்கல்லை வச்ச மாதிரி.

7/ ஆட்டெலும்பு சூப் குடிக்கும்போது எலும்பு முனையைப் பாருங்க, தேன்கூடு மாதிரி இருக்கும். உலோகத்தையும் அப்படிச் செய்தால்? விறைப்பு குறையும், துளைக்குள் எலும்பு வளரும். டைட்டானியம் பொடியை லேசராலோ எலக்ட்ரான் கற்றையாலோ அடுக்கடுக்காக உருக்கி இதைச் செய்கிறார்கள். பெரும்பாலும் ஒரு துளை 300 முதல் 600 மைக்ரான், அதாவது தலைமுடி தடிமனைப் போல சில மடங்கு. யோசனை நல்ல யோசனை. இதை நான் குறை சொல்லவே இல்லை.

8/ பலன் இருக்கா? கேஜ் அமிழ்வது குறைகிறது, எலும்பு சேர்வது நன்றாக இருக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் நோயாளி கேட்பது அதை அல்ல. "வலி போகுமா, நடப்பேனா?" என்பதைத்தான். அதில் பழைய கேஜைவிடப் பெரிய வித்தியாசம் இன்னும் தெளிவாக நிரூபிக்கப்படவில்லை. எலும்புத் தேய்மானம் அதிகம் உள்ள பாட்டிக்கு இது உதவலாம். எல்லாருக்கும் இதுதான் வேணும்னு சொல்ல முடியாது.

9/ சரி, பேட்டன்ட் எங்கே வருது? நம்ம கடற்கரைக் கருமணல்ல இருக்கிற இல்மனைட்தான் டைட்டானியத்தோட தாது. அந்த உலோகத்துக்கு இன்னைக்கு யாரும் காப்புரிமை கேட்க முடியாது, அது எல்லாருக்கும் தெரிஞ்ச பொருள். கேட்பது அதில் ஓட்டை போட்ட விதத்துக்கு. "துளை இத்தனை மைக்ரானிலிருந்து இத்தனை மைக்ரான் வரை, காலியிடம் இத்தனை சதவீதம், கம்பிகள் இந்தக் கோணத்தில்" என்பது மாதிரி. கிடைத்துவிட்டால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம் வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது.

10/ ஆய்வாளர் மூணு விஷயம் பார்க்கணும். இது புதுசா? இந்தத் துறை தெரிஞ்ச ஒருத்தருக்கு இது சாதாரணமாகவே தோன்றியிருக்குமா? தொழிலில் பயன்படுமா? இதில் ரெண்டாவதுதான் கழுத்து. சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு அதைத்தான் "கண்டுபிடிப்புப் படி" என்கிறது. ஏற்கெனவே உள்ள அறிவைவிட தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ இருக்கணும். அதோடு துறை தெரிஞ்சவருக்கு அது வெளிப்படையாத் தெரியாததாவும் இருக்கணும்.

11/ லாட்டிஸ் விஷயத்தில் பழைய அறிவு ஏராளம். நுண்துளை உலோகத்தை எலும்பில் பொருத்தும் ஆராய்ச்சி 1970களிலேயே நடந்தது. டான்டலம் என்ற உலோகத்தில் எலும்பு மாதிரியே துளையுள்ள உள்வைப்புகள் 1990களின் கடைசியில் வந்துவிட்டன. 3டி பிரிண்ட் செய்த டைட்டானியம் இடுப்புக் கிண்ணத்தை இத்தாலியில் 2007லேயே நோயாளிக்கு வைத்தார்கள். இன்று பல லாட்டிஸ்களில் வரும் ஜைராய்டு என்ற வளைவு வடிவத்தை நாசாவில் வேலை பார்த்த ஆலன் ஷோன் 1970லேயே விவரித்துவிட்டார்.

12/ இத்தனைக்கும் பிறகு ஒருவர் "என் துளை 400லிருந்து 550 வரை" என்று வந்தால், ஆய்வாளர் கேட்கணும்: "399க்கும் 400க்கும் நடுவே நோயாளிக்கு என்ன மாறுது? காட்டுங்க." காட்ட முடிஞ்சா கொடுங்க. அது உழைப்பு. காட்ட முடியலைன்னா, அது வடிதட்டு.

13/ மருந்துக்கு இந்தக் கேள்வியை நம்ம நாடு சட்டத்திலேயே எழுதி வச்சிருக்கு. அந்தக் கதை சென்னையிலதான் நடந்தது. ரத்தப் புற்றுநோய் மருந்தான க்ளிவெக்குக்கு நோவார்ட்டிஸ் 1998ல் சென்னை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. கேட்டது அந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் மறுத்தது. 3(டி) பிரிவையே எதிர்த்துப் போட்ட வழக்கை 2007ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கம்பெனியின் மேல்முறையீட்டை நிராகரித்தது. தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால், நோயைக் குணப்படுத்தும் திறன் கூடியிருக்கணும். அவ்வளவுதான் விஷயம்.

14/ அதனால என்ன ஆச்சு? அப்போ கம்பெனி மருந்து மாசத்துக்கு சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயா இருந்தது. இந்திய ஜெனரிக் சுமார் 8 முதல் 10 ஆயிரமா இருந்தது. இந்த வித்தியாசத்துலதான் ஆயிரக்கணக்கான குடும்பம் மூச்சு விட்டது.

15/ இந்தச் சிந்தனைக்கு வேர் இன்னும் பழசு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார் 1959ல் கொடுத்த அறிக்கைதான் 1970 காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளம். பேட்டன்ட் என்பது கம்பெனிக்குக் கொடுக்கும் பரிசு மட்டுமல்ல, அதனால் நாட்டுக்கும் பலன் வரணும் என்று பார்த்தவர் அவர்.

16/ இப்போ என் ஆதங்கத்துக்கு வர்றேன். 3(டி)யில் இருக்கிற "திறன் கூடணும்" என்ற சோதனை பொருட்களுக்கு, அதாவது மருந்து மாதிரியானவற்றுக்கு. கேஜ், ஸ்டென்ட், மூட்டு போன்ற கருவிகளுக்கு அப்படி நேரடியான சோதனை எழுதப்படலை. மாத்திரையின் படிகம் மாறினா "நோயாளிக்கு என்ன லாபம்?"னு கேட்கிற சட்டம், டைட்டானியத்தின் துளை மாறினா அதே அழுத்தத்தோட கேட்கறதில்லை. ரெண்டும் ஒரே உடம்புக்குள்ளதானே போகுது?

17/ சட்டத்தை மாத்துற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. "கண்டுபிடிப்புப் படி" என்ற சோதனைக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு இடம் இருக்கு. எண் வரம்பு மட்டுமே புதுசு என்று வரும் உள்வைப்பு விண்ணப்பங்களில், அந்த வரம்புக்குள்ளும் வெளியேயும் ஒப்பிட்ட தரவை ஆய்வாளர்கள் வழக்கமாகவே கேட்கணும். இதுதான் நான் இந்த இழையில் வைக்கிற ஒரே கோரிக்கை.

18/ "டாக்டர், பேட்டன்ட் இல்லைன்னா யார் புதுசு கண்டுபிடிப்பாங்க?" நியாயமான கேள்வி. நம்ம ஊர்ல இருந்து எட்டிப் போற தூரத்துல திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையம். டாக்டர் வலியத்தான் தலைமையில பல வருஷம் தோத்துத் தோத்து ஒரு இதய வால்வு செஞ்சாங்க. 1990 டிசம்பர்ல முதல் நோயாளிக்கு வச்சாங்க. அந்த மாதிரி உழைப்புக்குப் பாதுகாப்பு கண்டிப்பா வேணும். நாளைக்கு நெல்லையில படிக்கிற ஒரு பிள்ளை நல்ல கேஜ் செஞ்சாலும் வேணும். ஆனா உப்புச்சப்பில்லாத பேட்டன்ட் நூறு வேலி மாதிரி நின்னா, முதல்ல உள்ள நுழைய முடியாம நிக்கறது அந்தப் பிள்ளைதான்.

19/ "விலைக்கு பேட்டன்ட் மட்டுமா காரணம்?" இல்லை. இடையில் கைமாறும் மார்ஜினும் பெரிய காரணம். 2017 பிப்ரவரியில் அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதே ஆகஸ்டில் பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் முழங்கால் மூட்டுக்கு 54,720 ரூபாய். முதுகெலும்பு கேஜுக்கும் அப்படி ஒரு வரம்பு வேணும் என்பது என் கருத்து. ஆனா வரம்பு வைக்கும்போது கம்பெனி சொல்லும் முதல் வாதமே "எங்களோடது பேட்டன்ட் வாங்கின புது தொழில்நுட்பம்" என்பதுதான். அதனால அந்தப் பேட்டன்ட் தகுதியானதான்னு முன்னாடியே பாக்கணும்.

20/ இதுல நமக்கு என்ன வேலைன்னு நினைக்கிறீங்களா? சட்டத்தின் 25(1) பிரிவைப் பாருங்க. விண்ணப்பம் வெளியான பிறகு, பேட்டன்ட் கொடுக்கும் முன், "எந்த நபரும்" எதிர்ப்பு தெரிவிக்கலாம். பொதுவாக 18 மாசத்தில் விண்ணப்பங்கள் வெளியாகும். காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம்.

21/ வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை இது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு நாங்க கொடுக்கும் பெடாகுயிலின் மாத்திரைக்குக் கூடுதல் பேட்டன்ட் கேட்டு ஜான்சன் அண்ட் ஜான்சன் விண்ணப்பித்தது. 2019ல் எதிர்த்து மனு போட்டவர்களில் மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே என்ற இரு பெண்கள். ரெண்டு பேரும் காசநோயில் இருந்து மீண்டவர்கள், பழைய மருந்தின் பக்கவிளைவால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நோயாளி எழுதின மனு அது.

22/ 2024ல் விதிகளை மாத்தி, இந்த எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் வச்சுட்டாங்க. மனுவை ஏற்கலாமா என்று முதலில் அதிகாரி பார்க்கவும் செய்கிறார். வேணும்னே இழுத்தடிக்கப் போடும் பினாமி மனுக்களைத் தடுக்கத்தான் என்கிறார்கள். அந்தப் பிரச்சினையும் உண்மைதான். ஆனா நோயாளிக்கும் நோயாளிகள் அமைப்புக்கும் கட்டண விலக்கு கொடுக்கலாமே? களை எடுக்கப் போய் நெல்லைப் பிடுங்கக் கூடாது.

23/ அரசு மருத்துவமனை ஆர்த்தோ, நியூரோ சர்ஜன்களுக்கு ஒரு வேண்டுகோள், தம்பியா கேட்கிறேன். எந்தத் துளை அளவு பழசு, எது புதுசுன்னு உங்களுக்குத் தெரியும். கிண்டியில இருக்கிற ஆய்வாளர் தியேட்டருக்குள்ள வந்ததில்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு விண்ணப்பம் படிச்சு, ஒரு பக்கம் எழுதினாலும் போதும்.

24/ பொதுமக்களுக்கு. எஸ்டிமேட்ல புது கேஜ் போட்டிருந்தா மூணு கேள்வி கேளுங்க, கேட்க வெட்கப்படாதீங்க:
• சாதா கேஜ் வச்சா எனக்கு, என் எலும்புக்கு, என்ன குறை வரும்?
• இது எனக்கு வலியில, நடையில வித்தியாசம் காட்டுமா, இல்ல ஸ்கேன்ல மட்டுமா?
• முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல எது கிடைக்கும்?

25/ அண்ணாச்சியை ஹைகிரவுண்டுக்கு அனுப்பினேன். அங்க சர்ஜன் பாத்துட்டு, "எலும்பு நல்லா உறுதியா இருக்கு, சாதா கேஜே போதும்"னு சொல்லி, காப்பீட்டுலயே ஆபரேஷன் முடிஞ்சது. தையல் பிரிக்க இங்கதான் வந்தாங்க. எலும்பு சேர இன்னும் மாசங்கள் ஆகும், கடலுக்கு எப்போ போவார்னு இப்போ சொல்ல முடியாது. கால் மரப்பு குறைஞ்சிருக்கு.

26/ அந்தக்கா கிளம்பும்போது கேட்டாங்க: "சார், அந்த ஓட்ட விஷயம் யார்கிட்டயாவது சொன்னீங்களா?" சொல்றேன்னு சொல்லியிருந்தேன். சொல்லிட்டேன். நீங்களும் நாலு பேருக்குச் சொல்லுங்க.


கூடங்குளம் பகுதியில் பணிபுரியும் ஓர் அரசு மருத்துவர், எம்பிபிஎஸ்