கண்ணுக்குள் விரிந்த வலை



கொல்லிமலைக்குச் சென்று வந்தவர்கள் அதன் 70 கொண்டை ஊசி வளைவுகளை மறந்திருக்க மாட்டார்கள். சென்ற ஆண்டு மதரஸா விடுமுறையில் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு அம்மலைக்குச் சென்று, செம்மேட்டில் தங்கினோம். பிறை மாதத்தின் கடைசி இரவு அது. இஷா தொழுகையை முடித்து வெளியே வந்தபோது கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. அரை மணி நேரம் சென்றதும் வானமெங்கும் நட்சத்திரங்கள்!

"ஹஜ்ரத், அந்த மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடுகிறது. சற்று ஓரமாகப் பார்த்தால் தெரிகிறது. ஏன்?" என்று ஒரு மாணவன் கேட்டான். கலைப் பட்டதாரியாகிய எனக்கு விடை தெரியவில்லை.

மறுநாள் காலை, மலைச்சரிவில் படர்ந்திருந்த வெண்பனியைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பெரிய ஹஜ்ரத் வேறொன்று சொன்னார்: "வலக்கண்ணில் பத்து நாட்களாகச் சிலந்தி வலை போல் ஏதோ மிதக்கிறது தம்பி."

"வலிக்கிறதா?" என்றேன். "வலியே இல்லை" என்றார்.

"வயதாகிவிட்டதல்லவா, ஹஜ்ரத்!" என்று சிரித்துவிட்டேன். அவர் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ளவர் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் இரண்டையும் இணைத்துப் பார்க்கும் அறிவு எனக்கு அன்று இருக்கவில்லை.

ஒரு மாதம் கழிந்தது. ஒரு நாள் சுபுஹு தொழுகைக்கு எழுந்தபோது அவருடைய வலக்கண் முழுவதும் இருண்டிருந்தது. பதறி, கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். மலையில் எழுந்த இரண்டு கேள்விகளுக்கும் அங்கேதான் விடை கிடைத்தது.

கண்ணின் உட்புறப் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வே விழித்திரை. அதன் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அத்தனை மெல்லிய சவ்வுக்குள் பத்து அடுக்குகள் இருப்பதாக மருத்துவ நூல்கள் வகுத்துள்ளன. ஒளியை உணரும் செல்களோ முன்னால் இல்லை, பின்னடுக்கில் இருக்கின்றன. ஒளி நரம்பு அடுக்குகளைக் கடந்தே அவற்றை அடைய வேண்டும்.

அச்செல்கள் இரு வகை. குச்சி வடிவச் செல்கள் ஏறத்தாழ 9 முதல் 12 கோடி. மங்கிய ஒளியில் பார்க்க உதவுபவை இவையே. கூம்பு வடிவச் செல்கள் ஏறத்தாழ 60 இலட்சம். இவை பகல் ஒளியில் நிறங்களையும் நுணுக்கங்களையும் காட்டுகின்றன. நாம் ஒரு பொருளை நேராக நோக்கும்போது அதன் பிம்பம் விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழியில் விழுகிறது. அக்குழியின் மையத்தில் கூம்புச் செல்கள் மட்டுமே நெருங்கி நிற்கின்றன. குச்சிச் செல்கள் இல்லை. ஆகவேதான் மங்கலான நட்சத்திரம் நேர்ப்பார்வைக்கு மறைந்து, ஓரப்பார்வைக்குத் தோன்றுகிறது. குச்சிச் செல்கள் இருளுக்குப் பழகவும் அரை மணி நேரம் வேண்டியிருக்கிறது. மாணவனின் கேள்விக்கு விடை இதுதான்.

இந்தச் சவ்வுக்கு அரபியில் 'ஷபகிய்யா' என்று பெயர். 'ஷபகா' என்றால் வலை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் கண்ணைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் எழுதிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் இப்பெயரைக் கையாண்டுள்ளார். 'ரெட்டினா' என்னும் சொல்லும் வலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே.

அந்த வலையை ஊட்டி வளர்ப்பவை மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள். சர்க்கரை நோய் பல்லாண்டு நீடிக்கும்போது அவற்றின் சுவர்கள் பலவீனமாகிக் கசிகின்றன; சில அடைபடுகின்றன. இரத்தம் கிடைக்காத இடங்களை ஈடுசெய்யப் புதிய குழாய்கள் முளைக்கின்றன. ஆனால் அவை எளிதில் உடைபவை. உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் கசியும். பெரிய ஹஜ்ரத் பார்த்த சிலந்தி வலை அந்த இரத்தத்தின் நிழல்தான்! வயதானவர்கள் கண்ணில் மிதக்கும் புள்ளிகள் எல்லாம் இத்தகையவை அல்ல. எனினும் திடீரெனத் தோன்றினால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விழித்திரைக்கு வலியை உணரும் நரம்புகள் இல்லை. தீ பட்டால் கை தானாகப் பின்வாங்கும். விழித்திரையோ அழிந்துகொண்டிருக்கும்போதும் முறையிடுவதில்லை. அதன் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதுமில்லை. லேசர், ஊசி மருந்து, அறுவை ஆகிய சிகிச்சைகள் எஞ்சியிருப்பதைக் காக்கவே பெரிதும் பயன்படுகின்றன.

பெரிய ஹஜ்ரத்தின் இடக்கண்ணிலும் நோய் தொடங்கியிருந்தது. லேசர் சிகிச்சையால் அது காப்பாற்றப்பட்டது. வலக்கண்ணில் பாதிப் பார்வையே திரும்பியது. அவர் என்னைக் குறை கூறவில்லை. ஆனால் நான் சிரித்துக் கடத்திய அந்த ஒரு மாதம் என் நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது.

ஆகவே, சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டில் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ சர்க்கரை நோய் இருக்கிறதா? "கண் நன்றாகத்தான் தெரிகிறது" என்னும் பதிலோடு நின்றுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். சில மணி நேரம் பார்வை கூசும். துணைக்கு ஒருவர் சென்றால் போதும். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவை இதற்கென முகாம்களும் நடத்துகின்றன.

இன்றும் பெரிய ஹஜ்ரத் இடக்கண்ணின் துணையோடு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார். வலி வரட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். அது வராது.