அளவைச் சொல்லி விலையைச் சொல்லுங்கள்

சென்னைப் புறநகரில் முதல் வீடு வாங்கப் போகிறவர்களும் முன்பணம் கட்டிவிட்டுச் சாவிக்குக் காத்திருப்பவர்களும் சேர்ந்து வைக்கும் கோரிக்கைச் சாசனம் இது. கட்டுமான நிறுவனங்கள், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.), அரசு என நால்வருக்கும் இது பொது. நாங்கள் சலுகை கேட்கவில்லை. கேட்பதில் பாதி 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்திலேயே இருக்கிறது.

விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் கார்பெட் ஏரியா மட்டுமே இருக்க வேண்டும். வெளிச்சுவரும் பால்கனியும் போக, வீட்டுக்குள் புழங்கக் கிடைக்கும் பரப்பு அது. சட்டமும் அந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. ஆனால் விற்பனை மேசையில் இன்னும் சூப்பர் பில்ட்-அப் ஏரியாதான் பேச்சு. மாடிப்படி, லிஃப்ட், வரவேற்புக் கூடம் எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்து 1,000 சதுர அடி என்கிறார்கள். அளந்து பார்த்தால் 700 சொச்சம்கூட இருக்கலாம். அம்மாவின் பீரோ எந்தச் சுவரில் நிற்கும் என்பது குடிபோகும் நாளில் தெரிய வேண்டிய விஷயமல்ல. யு.டி.எஸ். என்கிற பிரிபடாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்பதையும் அதே வரியில் அச்சிடுங்கள். அடுத்த விளம்பரத்திலேயே செய்யலாம், அச்சுக்கூலிகூட ஏறாது.

சாவி கைக்கு வரும்வரை ஆகும் மொத்தத் தொகையை முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பார்க்கிங், கிளப் ஹவுஸ், பராமரிப்பு நிதி, மின் இணைப்பு, ஜி.எஸ்.டி., பத்திரப்பதிவு என்று பின்னால் வரும் பலவற்றுக்கு வங்கிக் கடன் கிடைப்பதில்லை. நகைதான் அடகுக்குப் போகிறது. திறந்தவெளிப் பார்க்கிங் பொது இடம் என்று சட்டம் சொன்ன பிறகும் அதைத் தனியாக விற்பது இன்றோடு நிற்கட்டும்.

மனையில் வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்பதை வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பரில் மூழ்கியதை ஊரே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பள்ளிக்கரணையையும் பெரும்பாக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பிரவுச்சரில் அது ‘ஏரிக் காட்சி’ என்று வருமே தவிர, தண்ணீர் போகும் வழி என்று வராது. தரைத்தளம், மின் பேனல், ஜெனரேட்டர், குடிநீர்த் தொட்டியின் வாய் நான்கும் அந்த வெள்ளக் கோட்டுக்கு மேலே இருந்தால்தான் சி.எம்.டி.ஏ. அனுமதி தர வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் இந்த விதி வந்தாக வேண்டும்.

மாடல் ஃபிளாட் நிஜ வீட்டின் அளவிலேயே, கதவுகளோடு, வழக்கமான அளவுக் கட்டிலோடு இருக்கட்டும். சமையலறைக்கு வெளிச்சுவரில் ஜன்னல், வாஷிங் மெஷினுக்கும் துணி காயப்போடவும் இடம், படுத்த நோயாளியை இறக்கக்கூடிய லிஃப்ட் ஆகிய மூன்றும் கட்டாயம். நீச்சல் குளத்தை நாங்கள் கேட்கவே இல்லை.

ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். ‘இன்றைக்கு மட்டும் இந்த விலை’ என்று அவசரப்படுத்திக் கூடுதலாக வாங்கிய நிறுவனங்களின் பெயரை ஆணையம் தன் இணையதளத்தில் மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

குறைந்த விலை வீட்டுக்கு 1 சதவீத ஜி.எஸ்.டி. என்று 2019 ஏப்ரலில் வைத்த 45 லட்சம் ரூபாய் வரம்பை, இன்றைய மனை விலைக்கேற்ப ஒன்றிய அரசு உயர்த்த வேண்டும்.

கடைசியாக, புகார்கள். 60 நாளில் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் காரணம் எங்களுக்கும் வர வேண்டும். உத்தரவு வந்தாலும் பணம் வருவதில்லை என்பதே பெரிய சிக்கல். வட்டியையும் இழப்பீட்டையும் நிலவரி பாக்கியைப்போல வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. தாமதமான வீட்டுக்காகத் தவணையும், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் ஒரே சம்பளத்தில் போகின்றன. ஆகவே இனி ஒவ்வொரு உத்தரவிலும் வசூலுக்கான கடைசித் தேதியும் பொறுப்பு அதிகாரியின் பதவியும் இருக்க வேண்டும்.