காத்தவர் யார்?

ஆப்பிரிக்கா மனிதக் காலடி படாத காடு. ஐரோப்பியர் வந்து எல்லை போட்டிராவிட்டால் அங்குள்ளவர்களே சிங்கத்தையும் யானையையும் தீர்த்துக் கட்டியிருப்பார்கள் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. கேட்க எடுப்பாகத்தான் இருக்கிறது, தான்சானியாவில் எடுபடவில்லை.

காலடி படாத இடமா? செரங்கெட்டியை அடுத்த லேட்டோலியில், மழையில் நனைந்த எரிமலைச் சாம்பலில் பதிந்த தடங்கள் 1978-இல் வெளிப்பட்டன. குதிகால் அழுந்த, நிமிர்ந்து நடந்த கால்கள். வயது சுமார் 36 லட்சம் ஆண்டுகள்.

தீர்த்துக் கட்டியது யார்? 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாட வந்த அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் மகனும் சுட்டு வீழ்த்தியவை, அவர் கணக்குப்படியே 512. அதற்கு முன்பே, 1880களின் இறுதியில், இத்தாலியர் எரித்ரியாவுக்குக் கொண்டுவந்த மாடுகளோடு வெக்கை நோய் நுழைந்திருந்தது. மாடுகளும் காட்டெருமைகளும் வில்டபீஸ்ட் மான்களும் கொத்துக்கொத்தாகச் செத்தன. மாட்டை நம்பி வாழ்ந்த மாசாய் மக்கள் பட்டினியில் மடிந்தார்கள். இப்படி ஆளொழிந்த நிலத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் 'கன்னி வனம்' என்றார்கள். 1951-இல் செரங்கெட்டி தேசியப் பூங்கா ஆனது. 1959-இல் எஞ்சிய மாசாய்களும் வெளியேற்றப்பட்டார்கள்.

சரி, அதனால்தான் விலங்குகள் பெருகினவா?

அதுவும் இல்லை. சுற்றுவட்டார மேய்ச்சல்காரர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகே, 1960களில், காட்டிலும் நோய் அடங்கியது. இரண்டரை லட்சம் அளவில் இருந்த வில்டபீஸ்ட்கள் 1970களின் இறுதிக்குள் 13 லட்சத்தைத் தொட்டன. ஊசி ஏறியது, எல்லைக்கு வெளியே துரத்தப்பட்ட மாடுகளுக்கு.