காத்திருந்து வாங்கும் நாயனம்

"ஆர்டர் போட்டா ரெண்டே நாள்ல வீட்டு வாசல்ல வந்து நிக்கணும்!" இன்றைய இளைஞர்களின் வேதவாக்கு இதுதான். செல்போன் கவரில் ஆரம்பித்து செருப்பு வரைக்கும் அப்படித்தான் வாங்குகிறோம். மூன்றாவது நாள் ஆகிவிட்டால் நம் முகம் சிவக்கிறது. ஒரு பொருளைச் செய்யச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவனைப் பார்த்தால் "பைத்தியக்காரன்" என்கிறோம்.

அன்பு நண்பர்களே! காத்திருந்து வாங்க வேண்டிய பொருள்களும் உலகத்தில் உண்டு, அவற்றுக்காகக் காத்திருப்பதே நியாயம் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக நான் கூப்பிடுவது நம் கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் ஒலிக்கும் நாதஸ்வரத்தை.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட பகுதியில் நரசிங்கம்பேட்டை என்று ஒரு சிற்றூர். ஆரணி என்றால் பட்டு, வந்தவாசி என்றால் கோரைப்பாய் என்பது போல, நரசிங்கம்பேட்டை என்றால் நாதஸ்வரம். 2022-ல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் வீணை அதற்கு முன்பே, 2013-ல் அந்தப் பெருமையைப் பெற்றுவிட்டது.

இன்று நாம் கேட்கும் நாதஸ்வரமே ஒரு மனிதர் "எனக்கு இப்படி ஒண்ணு வேணும்" என்று கேட்டதால் பிறந்தது என்றால் நம்புவீர்களா? அந்த மனிதர் நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அவர் காலத்துக்கு முன் வழக்கத்தில் இருந்தது திமிரி நாயனம். குட்டையானது, சுருதி உச்சத்தில் நிற்கும். அதில் சுத்த மத்திமம் சரியாகப் பேசாது. அந்தக் குறை தீர வேண்டும், சுருதியும் இறங்க வேண்டும் என்று பிள்ளைவாள் ஆசைப்பட்டார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதைச் செய்து கொடுத்தார். அதுதான் நீளமான பாரி நாயனம். கேட்டவருக்கும் பொறுமை இருந்தது, செய்தவருக்கும் பொறுமை இருந்தது. "கடையில இருக்கிறதையே எடுத்துக்கிறேன்" என்று அவர் திரும்பிப் போயிருந்தால் நமக்கு ஏது இந்த நாதம்?

"ஒரு குழலைக் கடைய எதுக்குப்பா இத்தனை நாள்? லேத்துல மாட்டினா அரை நாள் வேலை!" என்று என் வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். இயந்திரவியல் மாணவர்களாகிய நமக்கு இந்தக் கேள்வி வரத்தான் வேண்டும். அதே படிப்பைக் கொண்டே பதில் சொல்கிறேன்.

முதலாவது, மரம். நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம் வேண்டும், அதுவும் பழைய மரம். இடித்த பழைய வீடுகளின் தூண், உத்தரம் இவற்றைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். பச்சை மரத்தில் ஈரம் இருக்கும். அது காயும்போது மரம் சுருங்கும், எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. இன்றைக்கு வட்டமாகப் போட்ட துளை கொஞ்ச நாளில் முட்டை வடிவம் ஆகிவிடும். வாசிக்கிறவர் ஊதும் மூச்சிலும் ஈரம் உண்டு. குழலின் உட்புறம் நனைந்து வெளிப்புறம் காய்ந்திருந்தால் மரம் வெடிக்கும். பல பத்தாண்டுகள் ஒரு வீட்டின் பாரத்தைத் தாங்கி நின்ற மரம் ஆட வேண்டியதை எல்லாம் ஆடி முடித்திருக்கும். நாம் வொர்க்‌ஷாப்பில் 'சீசனிங்' என்று எழுதி இரண்டு மார்க் வாங்குகிறோமே, அதுதான் இது.

இரண்டாவது, துளை. உட்துளை மேலே குறுகி, கீழே போகப் போக விரிய வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு உள்ளே டேப்பர் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று லேத்தில் நின்றவனுக்குத் தெரியும். கருவி நீள நீள அதிரும், அதிர்ந்தால் உட்சுவர் கரடுமுரடாகும். அதற்குப் பிறகு விரல் வைக்க ஏழு துளை, அடியில் ஐந்து துளை. ஒரு துளை நூலளவு தள்ளிப் போனால் அந்த ஸ்வரமே தள்ளிப் போகும். நமக்கு மைக்ரோமீட்டர் இருக்கிறது. ஆசாரிக்குக் காதுதான் மைக்ரோமீட்டர்!

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் அப்பா நாயனக்காரர். வந்தவாசி சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் வாசிப்பவர். அவருடைய பழைய நாயனத்தில் விரிசல் விழுந்துவிட்டது. மெழுகு வைத்து அடைத்துப் பார்த்தார், சுருதி நிற்கவில்லை. முகூர்த்தமே இல்லாத ஆடி மாதத்தில் காவிரிக் கரைப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். "நல்ல மரம் கிடைக்கட்டும் ஐயா, அவசரப்பட்டா ரெண்டு பேருக்கும் கெட்ட பேரு" என்றாராம் அந்தப் பெரியவர். ஆவணி போயிற்று, ஐப்பசி போயிற்று. தை முகூர்த்தமும் வந்துவிட்டது. அப்பா இரவல் நாயனம் வாங்கி வாசித்து, கூலியில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார்.

என் மாமா ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்: "பையன் டிப்ளமோ முடிச்சு வேலைக்குப் போகப் போறான். இனிமே எதுக்கு மச்சான் புது நாயனம்? அட்வான்ஸைத் திருப்பி வாங்கிடுங்க." அப்பா பதில் சொல்லவில்லை. அவருக்காக நான் இங்கே சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். என் செமஸ்டர் ஃபீஸ் ஒவ்வொன்றும் அந்தப் பழைய நாயனத்தின் துளைகள் வழியாகத்தான் வந்தது. மகன் படித்துவிட்டால் அப்பாவின் வித்தை காலாவதி ஆகிவிட வேண்டுமா? படிப்பு என்பது வீட்டில் இருக்கும் விளக்கை அணைத்துவிட்டு ஏற்றும் விளக்கா?

"பீப்பீக்காரன் மகன்" என்று கேலி பேசுகிற வாய்களும் உண்டு. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாதஸ்வரம் வந்தால் கைதட்டுகிறோம், 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலம் வாசித்ததைக் கேட்டு உருகுகிறோம். பக்கத்துத் தெருவில் அதையே வாசிப்பவனைக் கேலி செய்கிறோம். இது என்ன நியாயம்?

அதற்காகக் காத்திருப்பு எல்லாமே இன்பம் என்று கதை விட மாட்டேன். முகூர்த்தம் யாருக்காகவும் நிற்காது, வயிறும் நிற்காது. அதனால் காத்திருப்புக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஆர்டர் கொடுப்பவர் பாதிப் பணத்தையாவது முன்னாலேயே கொடுக்க வேண்டும், நடுவில் பின்வாங்கக் கூடாது. செய்பவர் "மரம் வந்தாச்சு, துளை போட்டாச்சு" என்று வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அவ்வப்போது சொல்ல வேண்டும். என்ன நடக்கிறது என்று தெரிந்து காத்திருந்தால் அது பொறுமை. தெரியாமல் காத்திருந்தால் அது வேதனை.

பாலிடெக்னிக் மாணவர்கள் இதில் என்ன செய்ய முடியும்? நிறையச் செய்யலாம். மரத்தின் ஈரத்தை அளக்கக் கருவி இருக்கிறது. நல்ல நாயனத்தின் உட்துளையை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் போட நமக்குத் தெரியும். ஒரு பட்டறையின் கணக்கு அந்தப் பெரியவரின் கையோடு போய்விடாமல் காகிதத்தில் நிற்க அது உதவும். துளையிடும்போது வரும் அதிர்வைக் குறைக்க ஒரு தாங்கியைச் செய்து பார்ப்பது நல்ல ப்ராஜெக்ட் ஆகாதா? வருஷா வருஷம் ஒரே மாதிரி ப்ராஜெக்ட்டைக் காப்பி அடித்து பைண்டிங் போடுவதைவிட இது மேல்.

ஆகவே நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆண்டும் பெரிய தொழிற்சாலைக்கு இன்டஸ்ட்ரியல் விசிட் போகிறோம். போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அதில் ஒரே ஒரு நாளை நரசிங்கம்பேட்டைக்கு ஒதுக்குங்கள். டிப்ளமோ இல்லாத எஞ்சினியர்களை டிப்ளமோ வாங்கப் போகிற நாம் நேரில் பார்ப்போம். அங்கே போய் "எப்ப முடியும்?" என்று மட்டும் கேட்காமல், "எப்படிச் செய்யறீங்க?" என்று கேட்போம்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், வந்தவாசி