வளர்கிற பிள்ளையின் காலணி



நம் குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் புதுக் காலணி வாங்கும் வேளைகள் பெரும்பாலும் மூன்று. பள்ளி திறக்கும் ஜூன் மாதம் ஒன்று. புதுநன்மை விழா மற்றொன்று. கிறிஸ்து பிறப்புத் திருநாள் மூன்றாவது. இம்மூன்று வேளைகளிலும் அவசரம் உண்டு, செலவும் மிகுதி. துணி எடுக்க நான்கு கடை ஏறி இறங்கும் நாம், காலணிக் கடையில் கால்மணி நேரம் இருப்பதும் அரிது. "வளர்கிற பிள்ளை, இரண்டு சைஸ் பெரிதாகவே கொடுங்கள்" என்று கூறி, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

நாமும் அவ்வாறு செய்து வருந்தியவர்களே. நம் இல்லத்துச் சிறுவன் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவனுக்கு இப்படித்தான் ஒரு ஷூ வாங்கினோம். முதல் ஆண்டு நுனியில் பஞ்சை அடைத்துக்கொண்டு தடுமாறி நடந்தான். இரண்டாம் ஆண்டு அது காலுக்குப் பொருந்தியது. அதற்குள் அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டிருந்தது. மூன்றாம் ஆண்டில் ஒருநாள் மாலை அவன் காலுறையைக் கழற்றும்போது தற்செயலாகக் கவனித்தோம். பெருவிரல் நகத்தின் ஓரம் சிவந்து வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. பல நாள்களாக வலித்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். தங்கைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டும் என்று நாம் இரவில் பேசிக்கொண்டிருந்தது தன் காதில் விழுந்ததாகக் கூறினான். அன்று நாம் அடைந்த வேதனையை இங்கு விரித்து எழுதத் தேவையில்லை. பெற்றோராகிய உங்களுக்கு அது புரியும்.

பிள்ளைகள் சொல்லமாட்டார்கள்; ஆகவே நாமே பார்க்கவேண்டும். இம்மாதம் நாம் கூற விரும்புவது இதுவே.

வளர்ந்த மனிதரின் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. சிறு குழந்தையின் பாதத்திலோ இவற்றுள் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அது ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இறுகி, ஏறத்தாழ 18 வயதில்தான் முழு முதிர்ச்சி பெறுகிறது. இளம் பாதம் பச்சை மண்ணைப் போன்றது. நெருக்கும் காலணிக்குள் அது மடங்கிக் கொடுத்துவிடும். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும், நகம் சதைக்குள் வளர்வதும், குதிகாலில் கொப்புளமும் கால் ஆணியும் தோன்றுவதும் பெரும்பாலும் பொருந்தாத காலணியால் வரும் துன்பங்களே.

அப்படியானால் பெரிதாக வாங்குவது நன்றன்றோ எனச் சிலர் கேட்கலாம். அதுவும் தவறே. நம் கடைகளில் பெரிதும் வழங்கும் அளவெண்கள் பிரிட்டன் நாட்டு முறையைச் சார்ந்தவை. அம்முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் வேறுபாடு. இரண்டு எண் கூட்டி வாங்கினால் 17 மில்லிமீட்டர் மிகுதியாகிறது. 17 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு பாதத்திற்கு இது பத்தில் ஒரு பங்கு! நம் காலணி அதே விகிதத்தில் பெரிதாயிருந்தால், நாம் பேருந்தைப் பிடிக்க ஓடுவோமா? குழந்தையோ அதனோடு விளையாட்டுத் திடலில் ஓடுகிறது. காலணி நழுவாதிருக்க விரல்களைச் சுருக்கிக்கொள்கிறது. படியில் தடுக்கி விழுகிறது.

சரியான அளவு எது? நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், ஏறத்தாழ 1 சென்டிமீட்டர், இடம் இருந்தால் போதும். பள்ளிப் பருவத்தில் பாதம் ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அதற்கு முந்திய வயதில் இன்னும் விரைவாக வளரும். ஆகவே எவ்வளவு உறுதியான காலணியும் ஓர் ஆண்டுக்குமேல் உதவும் என எதிர்பார்க்கலாகாது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை பிள்ளையை நிற்கச் செய்து, நுனியை அழுத்திப் பாருங்கள். இடம் பாதியாகக் குறைந்திருந்தால், அடுத்த காலணிக்குப் பணம் ஒதுக்கத் தொடங்குங்கள்.

அளவு எடுப்பதற்கு மாலை வேளை ஏற்றது. பகலெல்லாம் நடந்த பாதம் அப்போது சற்றுப் பருத்திருக்கும். பள்ளிக்கு அணியும் காலுறையுடன் பிள்ளையை ஒரு தாளின்மேல் நிறுத்துங்கள். உட்கார்ந்திருக்கையில் குறுகியிருக்கும் பாதம், நிற்கும்போதுதான் விரியும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரு பாதங்களையும் சுற்றிக் கோடு வரைந்து, கத்தரித்து எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சிறிது பெரிதாயிருக்கும். பெரிய பாதத்திற்கே காலணி வாங்கவேண்டும். கடையில் அத்தாளைக் காலணிக்குள் வைத்துப் பாருங்கள். ஓரங்கள் மடங்கினால், எண் எதுவாயினும் அந்தக் காலணி நம் பிள்ளைக்கு உரியதன்று.

இவ்வளவையும் நின்றுகொண்டு செய்ய இயலாது; தரையில் மண்டியிட்டே செய்யவேண்டும். பெரிய வியாழனன்று நம் ஆலயங்களில் குருவானவர் மண்டியிட்டுப் பாதம் கழுவும் சடங்கை ஆண்டுதோறும் காண்கிறோம். ஆண்டவர் தம் சீடர்முன் குனிந்ததை நினைவுகூர்கிறோம். அந்தப் பணிவை நம் வீட்டுக் கூடத்தில் கடைப்பிடிக்க இதைவிட எளிய வழி ஏது? பிள்ளையின் பாதத்தைக் கையில் ஏந்தினால், அது சொல்லாத வலியும் நமக்குத் தெரிந்துவிடும்.

நீளத்தைப் போலவே அகலமும் முக்கியம். சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து ஆராய்ந்தது. இந்தியரின் பாதங்கள் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானவை என்பது அதனால் தெரியவந்தது. நீளம் சரியாயிருந்தும் பக்கவாட்டில் இறுக்குகிறது என்று பிள்ளை முனகினால், அது பிடிவாதமன்று, உண்மையாகவே இருக்கலாம். முன்பக்கம் கூர்மையாயுள்ள காலணியை, அது எவ்வளவு அழகாயிருப்பினும், ஒதுக்கிவிடுங்கள்.

இனி, தரத்தை அறியும் வழி. முதலாவது, காலணியை வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் அது வளையவேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தால் நல்லதன்று. இரண்டாவது, குதிகாலைச் சுற்றியுள்ள பகுதி விரலால் அழுத்தினால் குழையாமல் உறுதியாக நிற்கவேண்டும். மூன்றாவது, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். தடித்த தையலோ, பசையின் முனையோ உறுத்தினால் அது நாளை கொப்புளமாகும். நான்காவது, நாடாவோ வாரோ ஒட்டுப்பட்டையோ இருத்தல் வேண்டும். பாதத்தைப் பிடித்து நிறுத்துவது அதுவே. ஐந்தாவது, நம் வெப்ப நாட்டில் காற்றுப் புகாத ரெக்சினும் பிளாஸ்டிக்கும் வியர்வையைத் தேக்கி, விரலிடுக்கில் புண்ணை உண்டாக்கும். மெல்லிய தோலோ கான்வாஸோ மேல். இவையெல்லாம் விலை உயர்ந்த காலணியில்தான் கிடைக்கும் என்பதில்லை. பொறுமையோடு தேடினால் நடுத்தர விலையிலும் கிடைக்கும்.

அண்ணனுடையதைத் தம்பிக்குக் கொடுப்பது நம் இல்லங்களின் வழக்கம். சட்டைக்கும் புத்தகத்திற்கும் அது சிறந்த வழக்கமே. ஆனால் நாள்தோறும் அணிந்த ஷூ, முதலில் அணிந்தவனின் நடைக்கு ஏற்பத் தேய்ந்தும் வடிவம் மாறியும் இருக்கும். புதுநன்மைக்கு ஒருநாள் மட்டும் அணிந்த வெள்ளைக் காலணியைத் தாராளமாகக் கைமாற்றலாம். ஓராண்டு பள்ளிக்குச் சென்ற காலணியைக் கைமாற்றாதிருப்பதே நலம்.

காலணி நல்லதாயினும் நாள்முழுதும் வேண்டியதில்லை. ராவ், பெஞ்சமின் ஜோசப் என்னும் இரு இந்திய மருத்துவர்கள், 4 முதல் 13 வயதுவரையுள்ள 2,300 பிள்ளைகளின் பாதச்சுவடுகளை ஆராய்ந்து 1992-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். காலணி அணிந்தோரில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், அணியாதோரில் 2.8 பேருக்கும் தட்டைப் பாதம் இருக்கக் கண்டனர். மூடிய காலணி அணிந்தோரிடம் அது மிகுதியாயும், திறந்த செருப்பு அணிந்தோரிடம் அதைவிடக் குறைவாயும் இருந்தது. எனவே வீட்டில் தூய்மையான தரையில் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடட்டும். தெருவிலும் தோட்டத்திலும் முள்ளும் கொக்கிப்புழுவும் உண்டாகையால், அங்கு மட்டும் செருப்பு கட்டாயம்.

இதனால் நம் கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்துவோருக்கும் ஒரு விண்ணப்பம். மழலை வகுப்புகளிலும் தொடக்க வகுப்புகளிலும் மூடிய ஷூவைக் கட்டாயமாக்காமல், வார் வைத்த செருப்பை அனுமதிக்கலாகாதா? சித்திரை வெயிலில் அப்பிஞ்சுப் பாதங்கள் இளைப்பாறும். ஏழைத் தந்தையின் சுமையும் சிறிது குறையும்.

இறுதியாக, கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நம் பங்குகளில் புனித வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞர்களும் ஏழைப் பிள்ளைகளுக்கு உடை வழங்குகின்றனர். காலணியும் வழங்க விரும்புவோர், ஒரு வாரம் முன்னதாகவே அவர்கள் இல்லம் சென்று அளவு எடுத்து வரலாம். பொருந்தாத காலணி மூலையில் கிடக்கும். அளந்து தந்த காலணி பள்ளிக்கு நடக்கும். லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில், திரும்பி வந்த இளைய மகனுக்கு ஆடையும் மோதிரமும் போதும் எனத் தந்தை நினைக்கவில்லை. காலுக்கு மிதியடியும் அணிவிக்கச் செய்தார். கூலியாளாயிருக்கவும் துணிந்து வந்தவனை மகன் என்று ஊரறியச் செய்த அடையாளங்களுள் அதுவும் ஒன்று.

நம் இல்லத்துச் சிறுவனுக்கு மறுவாரமே அளவான காலணி வாங்கினோம். அதற்காக அம்மாதம் வேறொரு செலவைத் தள்ளிவைத்தோம். வீடு ஒன்றும் குறைந்துபோகவில்லை. இன்று மாலை உங்கள் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பியதும், அவர்கள் காலுறையை நீங்களே கழற்றிப் பாருங்கள்.

இறைவனின் ஆசி உங்கள் இல்லங்களில் தங்குவதாக!